முப்பத்திரண்டு கிணறுகளும் ஒரு நாடாவும்

ஒவ்வொரு கிணற்றையும் மூன்று முறை அளப்பது சிம்ராவின் வழக்கம். காலை ஐந்தே முக்காலுக்குத் திருவல்லிக்கேணியில் வீட்டுப் படி இறங்குவாள். தோள்பையில் அளவு நாடா, இரண்டு பென்சில், நீல அட்டை போட்ட நோட்டு, ஒரு பழைய துண்டு. கிணற்றங்கரைக்குப் போனதும், கைப்பிடிச் சுவரின்மேல் தான் என்றோ மஞ்சள் வண்ணத்தால் தீட்டி வைத்த அம்புக்குறியைத் தேடிக் கண்டுபிடிப்பாள். பிறகு நாடாவின் நுனியில் கட்டிய பித்தளைக் குண்டை உள்ளே இறக்குவாள். அடிப்பக்கம் குழிந்த குண்டு அது. தண்ணீரைத் தொட்டதும் தவளை குதித்தாற்போல் ஒரு சத்தம் எழும். அந்தக் கணத்தில் அம்புக்குறிக்கு நேராக நாடாவில் எந்த எண் நிற்கிறதோ, அத்தனை ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். எழுதுவாள். மறுபடி இறக்கி எழுதுவாள். மூன்றாம் முறையும் இறக்குவாள். மூன்றும் ஒத்து வந்த பிறகே அடுத்த வீட்டுக்கு நடப்பாள்.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று நான்கு பகுதிகளில் முப்பத்திரண்டு கிணறுகள். ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள். இப்படி மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன. பெய்யும் மழையில் எவ்வளவு எந்த மண்ணின் வழியாக இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தைத் தவிர அவள் அளக்காத வாரம் இல்லை. மகள் தினமும் விடியுமுன் ஊரார் கிணறுகளை எட்டிப் பார்க்கிறாளே, எதையாவது தொலைத்துவிட்டாளா என்று அண்டை வீட்டார் கேட்பதாக அவளுடைய தாய் அஸ்மத்துன்னிசா சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அவள் பயின்ற நிலத்தடி நீரியல் துறை, தரமணிப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. நான்கு அறைகள், ஒரு நடைக்கூடம், ஒரு கருவி அலமாரி, ஏழு ஆய்வு மாணவர்கள். ஏழு பேருக்கும் வீட்டில் பேசும் மொழி ஐந்து. இம்பாலிலிருந்து ஒரு பெண், எத்தியோப்பியாவிலிருந்து ஓர் இளைஞர், பாலக்காட்டுக்காரர் ஒருவர் என்று பல திசைப் பறவைகள் ஒரே ஆலமரத்தில் அடைந்தது போலிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எல்லாரும் நடைக்கூடத்தில் கூடித் தேநீர் குடிப்பார்கள்; யாராவது ஒருவர் வீட்டுப் பலகாரம் கொண்டு வர வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

இவர்களில் மூத்தவன் சுரேஷ்குமார். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், வாய் ஓயாதவன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு மாதமே பாக்கி. ஐதராபாத்தில் ஒரு நிறுவனம் வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தது. கருவி அலமாரியின் சாவி அவனிடம்தான் இருக்கும். முதலாண்டில், முன்பின் தெரியாத பெண்ணைக் கிணற்றடிக்கு விடத் தயங்கிய வீடுகளில், சிம்ராவுக்காகக் கதவைத் தட்டிப் பேசிச் சம்மதம் வாங்கியவனும் அவனே. அவளை அவன் கூப்பிடுவது "டாக்டரம்மா" என்று. இன்னும் ஆகவில்லையே என்றால், "கூப்ட்டுக்கினே இருந்தா ஆயிடுவே" என்பான்.

அக்டோபர் தொடக்கத்தில் சிம்ராவின் ஆய்வுக்குழு கூடியது. நெறியாளர் பேராசிரியை சரோஜாதேவி. வெளியிலிருந்து வரும் உறுப்பினர் சிதம்பரநாதன். நாற்பது ஆண்டு குழாய்க் கிணறுகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர் அவர். சிம்ரா திரையில் காட்டிய வரைபடத்தை அவர் எழுந்து போய்க் கிட்டத்தில் பார்த்தார். ஜூலைக் கடைசி வாரத்தில் ஒரு கோடு சடக்கென்று கீழே இறங்கியிருந்தது. அடுத்த கிணற்றைக் காட்டச் சொன்னார், அதுவும் இறங்கியிருந்தது. முப்பத்திரண்டும் அதே வாரத்தில், அதே முப்பது சென்டிமீட்டர் இறங்கியிருந்தன.

"ஏம்மா, அடையாறு மணலு. மயிலாப்பூர் களிமண்ணு. ரெண்டுலயும் தண்ணி கூடிப் பேசிட்டு எறங்குமா? கிணறு என்ன ஸ்கூல் பிள்ளைங்களா, பெல் அடிச்சதும் ஒண்ணா உக்கார?"

சிம்ரா தான் அளந்ததைத்தான் எழுதியதாகச் சொன்னாள். அளக்காமல் வீட்டிலிருந்தபடி எண்களைப் போட்டு நிரப்பினால்தான் இப்படி வரும் என்று அவர் கடுமையில்லாமல், ஆனால் ஒளிக்காமல் சொன்னார். சரோஜாதேவி கருவியில் பழுதிருக்குமோ என்று ஐயப்பட்டுச் சுரேஷ்குமாரை உள்ளே அழைத்து விசாரித்தார். அவன் ஒரு நொடி நாடாவைப் பார்த்தான். பிறகு சன்னலைப் பார்த்தான்.

"டேப் சரியாத்தான் இருக்கு மேடம்" என்றான்.

மூன்று வாரத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும், இல்லையேல் மூன்றாண்டு அளவுகளையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று குழு எழுதிக் கொடுத்தது. பதிவுக் காலம் முடியப் பதினொரு மாதமே இருந்தது.

அன்று மாலை சிம்ரா பறக்கும் ரயிலில் நின்றபடியே வந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. மாறாக, மறுநாள் எந்தெந்தக் கிணறு என்று மனம் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. வாரத்துக்கு முப்பத்திரண்டு என்பதை நான்கு நாளுக்கு முப்பத்திரண்டு என்று மாற்றிக்கொண்டாள். விடியற்காலையிலும் மாலையிலும் நடந்தாள். மூன்று முறைக்குப் பதில் ஐந்து முறை அளந்தாள். ஐந்தும் ஒத்து வந்தன. தண்ணீர் இறங்கியது இறங்கியதுதான் என்றது நாடா.

நான்காம் நாள் மாலை மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறக் கிணற்றுக்குப் போனாள். பழைய வீட்டை இடித்துக் கட்டியபோதும் கிணற்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். கிணற்றடியில் முதல் மாடி ஜெயஸ்ரீ மாமி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"உன்னத்தான் பாத்துண்டிருக்கேன். நீ தண்ணி எறங்கிடுத்துன்னு சொன்னாலும் சொன்னே, அந்த செகரெட்டரி அஸ்வத் அதை வாட்ஸப்புல போட்டு, மோட்டாரை ஒரு வேளையாக் கொறைச்சுட்டான். ரெண்டு மாசமா எங்காத்துல சாயங்காலம் கொழாயைத் தொறந்தா காத்துதான் வரது."

"மாமி, நான் அளந்ததைத்தானே சொன்னேன்?"

"என்னத்தை அளந்தே? இங்க வா, எட்டிப் பாரு. எறங்கறதுக்குக் கம்பி கம்பியாப் படி வெச்சிருக்கோன்னோ, எண்ணு. ஆடியிலயும் ஏழாவது கம்பி நனைஞ்சுண்டிருந்தது. இன்னிக்கும் நனைஞ்சுண்டிருக்கு. முப்பது சென்டிமீட்டர் எறங்கியிருந்தா அந்தக் கம்பி வெளில வந்திருக்கணும். எனக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆச்சுதான், குருடாகலை."

சிம்ரா எட்டிப் பார்த்தாள், எண்ணினாள். ஏழாவது கம்பியின் கழுத்துவரை தண்ணீர் நின்றது. ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு அடி. மாமி சொன்னதில் ஓட்டையில்லை. அப்படியானால் ஓட்டை எங்கே?

அவள் நாடாவை முழுவதும் இழுத்துச் சிமெண்டுத் தரையில் கிடத்தினாள். நுனி பிரியாமலிருக்க, குண்டுக்குமேல் அரை மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பது துறையில் எல்லா நாடாக்களுக்கும் வழக்கம். அளப்பவர் கண் மேலே அம்புக்குறியில்தான் இருக்கும். நாடாவின் அடிநுனியை யார் பார்ப்பார்கள்? முதன்முறையாகச் சிம்ரா பார்த்தாள். கறுப்புச் சுற்று ஐம்பதில் முடிய வேண்டும்; எண்பதில் முடிந்தது. நகத்தால் கீறி உரித்தாள். குண்டு கட்டப்பட்டிருந்த இடத்தில் பூஜ்யம் என்ற எண் இல்லை. கத்தரியால் நேராக வெட்டிய விளிம்பில் முப்பது என்ற எண் இருந்தது.

நாடாவின் அடியில் முப்பது சென்டிமீட்டர் போனதால், மேலே படித்த ஒவ்வோர் எண்ணிலும் முப்பது கூடியிருந்தது. கிணறு எதுவும் இறங்கவில்லை.

மாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மோர் கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமைத் தேநீரின்போது சிம்ரா உரித்த நாடாவை மேசைமேல் வைத்தாள். யார் வெட்டினார்கள் என்று சண்டை போட வரவில்லை என்றும், எந்தத் தேதியில் வெட்டுப்பட்டது என்று தெரிந்தால் போதும், அதற்குப் பிந்திய அளவுகளில் முப்பதைக் கழித்துவிட்டால் மூன்றாண்டு உழைப்பும் பிழைத்துவிடும் என்றும் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னாள். சுரேஷ்குமார் சர்க்கரை கரைந்த பிறகும் கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

ஒரு கதை உண்டு. ஓர் ஆற்றங்கரையில் ஆமை ஒன்று, ஆழம் பார்க்க ஒரு மூங்கில் கோல் வைத்திருந்ததாம். நரி அதை இரவல் வாங்கிப் போய், அடிநுனியை ஒடித்துவிட்டு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசாமல் திருப்பிச் சாய்த்து வைத்தது. அதன் பிறகு ஆமை அளந்த ஆழமெல்லாம் கூடுதலாகவே வந்தது. அதை நம்பிய மான்கள், முழங்கால் தண்ணீரைக் கடக்க அஞ்சி, எதிர்க்கரைப் புல்லைப் பார்த்தபடி பட்டினி கிடந்தன. உண்மை ஆழம் தெரிந்ததும் எல்லாரும் ஆமையைப் பொய்யன் என்றார்கள். நரியைக் கெட்டவன் என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவது எளிது. ஆனால் அது கெட்டதாக ஒன்றும் செய்ய நினைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்ல நினைத்தது. நாள் ஏற ஏறச் சொல்லும் வார்த்தையின் எடையும் ஏறிக்கொண்டே போயிற்று.

சிம்ரா காத்திருக்கவில்லை. ஷண்முகப்ரியா அவளுடைய உடன்பயிலும் தோழி. தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். புதிய எஃகு நாடா ஒன்றை வாங்கிக்கொண்டு இருவரும் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கடைக்குப் போனார்கள். ஷட்டர் பாதி திறந்திருந்தது. துணி அளக்கும் இரும்பு மீட்டர் கோலில் அரசாங்க ஆய்வாளர் குத்திய முத்திரை இருந்தது.

"இதைவிட நேர்மையான கோலு சென்னையில கிடையாது. எங்க அப்பா முழம் போட்டாக்கூட நாலு பேரு கூட வந்து பார்ப்பாங்க. அவ்வளவு நம்பிக்கை எங்க அப்பா மேல" என்றாள் ஷண்முகப்ரியா. கல்லாவில் இருந்த தந்தை அதைக் கேட்டும் கேளாதது போல ஊதுவத்தி ஏற்றினார்.

பழைய நாடாவையும் புதியதையும் அந்தக் கோலோடு வைத்துப் படமெடுத்துக்கொண்டார்கள். பிறகு எட்டு நாள் சிம்ரா முப்பத்திரண்டு கிணறுகளையும் இரண்டு நாடாவாலும் அளந்தாள். நடுவில் இரண்டு நாள் மழை கொட்டியது. குடையை ஷண்முகப்ரியா பிடிக்க, அவள் நோட்டைத் துண்டுக்குள் மறைத்து எழுதினாள். அடையாறு பகுதியில் ஒரு கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். விந்திக்கொண்டே அடுத்த நான்கு வீடும் போனாள். எல்லாக் கிணற்றிலும் வேறுபாடு முப்பது. ஒன்றில்கூட இருபத்தொன்பது இல்லை.

அறிக்கையின் முதல் வரியை அவளே யாரும் கேட்காமல் எழுதினாள்: நாடாவை மாதம் ஒருமுறை சரிபார்க்காமல் விட்டது என் தவறு.

குழு மீண்டும் கூடிய நாளில் சிதம்பரநாதன் அறிக்கையை ஒரு பக்கம் விடாமல் படித்தார். இவ்வளவு பொறுமையாக யாரும் வேலை செய்து தாம் பார்த்ததில்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நாடா வெட்டுப்பட்டது உண்மை. ஒத்துக்கிறேன். ஆனா அது ஜூலைலதான் வெட்டுப்பட்டதுன்னு யாரும்மா சொல்றது? போன கூட்டம் முடிஞ்சப்புறம் நீங்களே வெட்டியிருக்கலாமே. நான் அப்படிச் சொல்லல. நாளைக்கு உங்க ஆய்வேட்டைப் படிக்கிறவன் சொல்லுவான்."

அந்த மாமி எண்ணிய கம்பியைப் பற்றிச் சிம்ரா சொன்னாள். அது ஒரு கிணற்றுக்குத்தான் சாட்சி என்றார் அவர். அதுவும் நியாயமாகவே இருந்தது.

"பதினொரு மாசம் இருந்துச்சு, இப்போ பத்தரை இருக்கு சார்" என்றாள் சிம்ரா. "ஒதுக்கணும்னா ஒதுக்கிடுங்க. நாளைக்குக் காலையில முதல் கிணத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். கிடைக்கிற வரைக்கும் அளந்து, அதை வெச்சு எழுதறேன். ஆனா நான் வெட்டல. நான் ஒக்காந்த எடத்துலேர்ந்து ஒரு நம்பர்கூடப் போடல. அதை மட்டும் மினிட்ஸ்ல எழுதிக்குங்க."

கதவருகில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் எட்டு நாளாக மழையிலும் போவதையும், விந்திக்கொண்டு திரும்பி வருவதையும் கருவி அறைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சுரேஷ்குமார் உள்ளே வந்தான். கையில் அவனுடைய களக் குறிப்பேடு இருந்தது. அதைச் சிதம்பரநாதனுக்கு முன்னால் பிரித்து வைத்தான்.

"ஜூலை இருபத்தி மூணு சார். நான்தான் வெட்டினேன்."

அன்று தன்னுடைய நாடா பழுதாகியிருந்ததால், சிம்ரா அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்த நாடாவைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் எடுத்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனதாகச் சொன்னான். கூவத்தோரத்து ஆழ்கிணறு ஒன்றில் மோட்டார்க் குழாயில் நுனி மாட்டிக் கிழிந்துவிட்டது. பிசிறை ஒழுங்குபடுத்தி, கணக்கில் கழிப்பதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று சரியாக முப்பதில் வெட்டி, குண்டைக் கட்டி, டேப் சுற்றி வைத்தான். குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு நேரே, நாடா முப்பது வெட்டு, சிம்ராவிடம் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தான். மறுநாள் ஐதராபாத் நேர்காணல். திரும்பி வந்தபோது அது நினைவிலேயே இல்லை.

"அன்னிக்கு இந்த ரூம்ல கேட்டாங்களே, அப்பவும் ஞாபகம் வரலயா?" என்று கேட்டார் சிதம்பரநாதன்.

"வந்துச்சு சார். டேப்பைப் பார்த்ததுமே வந்துச்சு. சொன்னா என்னோட கிணத்து ரீடிங்கையும் நோண்டுவீங்க, சப்மிஷன் தள்ளிப்போயிடும், வேலை பூடும்னு பயந்துட்டேன். பொய் சொன்னேன்."

சரோஜாதேவி அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். அன்று அந்த நாடாவால் அளந்தவை உட்பட அவனுடைய அளவுகள் அனைத்தையும் மறுபடி சோதிக்கும்வரை ஆய்வேட்டை வாங்க இயலாது என்றார். அவன் தலையசைத்தான். சேரும் தேதியைத் தள்ளிவைக்குமாறு காலையிலேயே ஐதராபாத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டதாகவும், அவர்கள் மறுத்தாலும் தான் எடுத்த முடிவில் மாற்றமில்லை என்றும் சொன்னான். சிதம்பரநாதன் முந்தைய கூட்டத்துக் குறிப்பை வரவழைத்து, சிம்ராவின் நேர்மையை ஐயுற்ற வரியைத் தம் கையாலேயே அடித்து, பக்கத்தில் கையொப்பமிட்டார். அளவுகள் ஏற்கப்பட்டன.

நடைக்கூடத்தில் சுரேஷ்குமார் அவளுக்காகக் காத்திருந்தான். டாக்டரம்மா என்று கூப்பிட வாய் வரவில்லை.

"சிம்ரா, நான் இன்னா சொல்றதுன்னே தெரியல. மன்னிச்சிடு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எனக்காக எத்தனை கதவு தட்டினாய், ஒரு வார்த்தை சொல்ல முடியாமலா போயிற்று என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

"மன்னிப்பை அப்புறம் பார்க்கலாம். மயிலாப்பூர்ல பதினாலு வீட்டுக்கு ரெண்டு மாசமா சாயங்காலம் தண்ணி இல்ல. நான் பொய் சொல்றேன்னு நெனச்சுக்கினு இருக்காங்க. ஞாயித்துக்கிழமை அசோசியேஷன் மீட்டிங்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சிம்ரா திருத்திய கணக்கோடு எழுந்தபோது, சுரேஷ்குமார் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் முன்னால் போய் நின்றான். தான் யார், என்ன செய்தான், எப்போது மறைத்தான் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். கிணற்றில் தண்ணீர் குறையவே இல்லை என்றும், இந்தப் பெண் மூன்றாண்டாக இங்கே எழுதிப்போன எந்த எண்ணிலும் அவள் பக்கம் பொய் இல்லை என்றும் சொன்னான்.

ஜெயஸ்ரீ மாமி நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏண்டாப்பா, நீ ஒரு முழம் நாடாவை வெட்டினதுக்கு நாங்க ரெண்டு மாசம் வாளி வாளியாத் தண்ணி பிடிச்சு வெச்சோமா? நான் ஒருத்தி கம்பியை எண்ணலைன்னா இந்தப் பொண்ணு கதி என்ன ஆயிருக்கும்?"

"தெரியும் மாமி. என் தப்புதான்."

"தெரிஞ்சா சரி. டேய் அஸ்வத், மோட்டாரைப் போடு. மத்ததை அப்பறம் பேசிக்கலாம்."

மோட்டார் உறுமத் தொடங்கியது. கூட்டத்துக்கு ஐந்து வீட்டார் வரவில்லை. சுரேஷ்குமார் அஸ்வத்திடம் அந்த வீட்டு எண்களைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். பிறகு படியேறிப் போய், முதல் வீட்டின் அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கதவு திறக்கும்வரை நின்றான்.